புரட்டாசியில் டிரவுட்: அவலாஞ்சியா, லித்தரா, தீர்த்தனா?

காப்பித் தோட்டம் வைத்திருப்பவனுக்கும் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கும் ஒரே வாரத்தில் ஓய்வு கிடைப்பது அபூர்வம். நவம்பரில் பறிப்பு தொடங்கிவிட்டால் பிப்ரவரி வரை நான் ஏற்காட்டை விட்டு இறங்க முடியாது. செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை நடத்தும் என் மச்சானுக்குத் தை பிறந்தால் கல்யாண ஆர்டர், ஆவணியில் மறுபடியும் கல்யாண ஆர்டர், ஐப்பசியில் தீபாவளி. இரண்டு பேர் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது ஆடியும் புரட்டாசியும்தான். இதில் எட்டு நாள் ஒதுக்கி, நல்ல கைடு ஒருவரை வைத்துக்கொண்டு, மலை ஆற்றில் இறங்கி ஃபிளை ஃபிஷிங்கில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு வருடத் திட்டம். போவது முடிவாகிவிட்டது, எங்கே என்பதில்தான் தகராறு. மச்சான் காஷ்மீர் என்கிறார். நான் ஹிமாச்சலில் ஓடும் தீர்த்தன் ஆறு என்கிறேன். "பக்கத்துல ஊட்டி இருக்கும்போது எதுக்குங்க இவ்வளவு செலவு?" என்கிறார் என் மனைவி.

இந்த வகைத் தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் ஆற்றைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூக்கனேரிக் கரையில் நாம் போடும் தூண்டிலில் எடை ஈயக்குண்டில் இருக்கிறது. குண்டைச் சுழற்றி வீசினால் நரம்பு அதன் பின்னால் போகும். ஃபிளையில் இது தலைகீழ். முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிக்கு எடையே கிடையாது. எடை முழுக்க லைன் என்ற தடித்த தூண்டில் கயிற்றில் இருக்கும். தூண்டில் கம்பான ராடைப் பின்னால் கொண்டுபோய், லைன் முழுதும் பின்னால் விரியும்வரை ஒரு நொடி பொறுத்து, அப்புறம் முன்னால் தள்ள வேண்டும். சாட்டை வீசுவது மாதிரி வேகமாக வீசினால் எல்லாம் தலையில் வந்து விழும். அந்த ஒரு நொடிப் பொறுமை வர எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

வீசுவதோடு வேலை முடிந்துவிடாது. டிரவுட் ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு, பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணியும் இடத்தில் நின்றபடி, தண்ணீர் கொண்டுவரும் பூச்சிகளைத் தின்னும். நம் பொய்ப் பூச்சி ஆற்றின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். லைன் அதைக் கொஞ்சம் இழுத்துவிட்டாலும் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் ஆறு தெளிவாக இருக்க வேண்டும், ஆழம் முழங்காலிலிருந்து இடுப்புக்குள் இருக்க வேண்டும், மீன் எந்தப் பாறைக்குப் பின்னால் நிற்கும் என்று சொல்ல அந்த ஆற்றோடு பழகிய ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துத்தான் நான் ஊர்களை எடைபோடுகிறேன். காட்சி அழகு நான்காவது. டிரவுட் வாழும் ஆறு எதுவும் அசிங்கமாக இருப்பதில்லை.

"ஏற்காடு ஏரியிலேயே டிரவுட்டை விட்டு வளர்த்தால் என்ன?" என்று தோட்டத்துக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். டிரவுட்டுக்குத் தண்ணீர் பத்திலிருந்து பதினாறு டிகிரிக்குள் இருந்தால் சுகம். 20 தாண்டினால் திணறும், 25-ஐ நெருங்கினால் பிழைப்பது கஷ்டம். தண்ணீர் குளிர்ந்தால்தான் பிராணவாயு அதிகம் கரைந்திருக்கும், ஓடினால்தான் அது தீராமல் இருக்கும். நம் ஏரி தேங்கிய தண்ணீர், சித்திரை வெயிலில் மேல்மட்டம் வெதுவெதுப்பாகிவிடும். சேர்வராயன் மலை ஓடைகளோ மழையை நம்பியவை. கிளியூர் அருவியே கோடையில் பாறையில் வழியும் ஈரமாகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், தீர்த்தன் பள்ளத்தாக்கில் டிரவுட்டுக்குப் பேர்போன குஷைனி கிராமம் சுமார் 1,600 மீட்டர் உயரம்தான். ஏற்காடு 1,500. உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை. அங்கே ஆற்றில் வருவது பனி உருகிய தண்ணீர், இங்கே மேகம் மனது வைத்தால் வரும் தண்ணீர்.

சரி, மனைவியின் கட்சிக்கு வருவோம். சேலத்திலிருந்து ஈரோடு, அவினாசி, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஐந்தாறு மணி நேரம். அங்கிருந்து அவலாஞ்சி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். விமானம் வேண்டாம், லீவு வேண்டாம், இ-பாஸ் எடுத்தால் போதும். கதையும் பெரிய கதை. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-இல் இங்கிலாந்து டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். அதற்கப்புறமும் பலர் முயன்றார்கள். கடைசியில் எச். சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர் 1907-ஐ ஒட்டி ரெயின்போ என்னும் டிரவுட் வகையை இங்கே நிலைக்க வைத்தார். அவலாஞ்சிக் குஞ்சு பொரிப்பகம் அந்தக் காலத்தில் வந்தது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் ரெயின்போ தானாக முட்டையிட்டுப் பெருகும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. அந்தத் தொட்டிகளையும், இருண்ட சோலையிலிருந்து வரும் ஓடையையும் பார்த்தவர்கள், நம் மாநிலத்தில்தான் இருக்கிறோமா என்று ஒரு நிமிடம் சந்தேகப்படுவார்கள்.

ஆனால் பார்ப்பதற்குப் போவது வேறு, பிடிக்கப் போவது வேறு. நல்ல ஓடைகள் எல்லாம் காட்டுக்குள் இருக்கின்றன. அப்பர் பவானியைத் தாண்டினால் முக்குருத்தி தேசியப் பூங்கா. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பூங்காவுக்குள் தூண்டில் போடுவது வேட்டைக்குச் சமம். அவலாஞ்சியிலேயே வனத்துறை வண்டியில்தான் உள்ளே போய்வர முடியும். ராடைத் தூக்கிக்கொண்டு நான்கு நாள் இஷ்டம்போல ஓடையில் நிற்கும் இடம் இல்லை அது. "எங்க தாத்தா அங்க பிடிச்சாரு" என்று சொல்லும் தோட்டக்காரர்கள் ஏற்காட்டிலும் உண்டு. தாத்தா காலத்துச் சட்டம் வேறு. "உள்ள ஆள் இருக்கு, பாத்துக்கலாம்" என்று யாராவது போனில் சொன்னால் அப்போதே வைத்துவிடுங்கள். மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் ஆடி லீவுக்கு அந்தப் பக்கம் யோசிக்கவே கூடாது.

மூணாறுக்கும் இதே கதை. இராஜமலையில் டிரவுட் இருக்கிறது, ஆனால் அது வரையாடுகளின் இரவிகுளம் தேசியப் பூங்கா. வரையாடு பார்க்கப் போங்கள்.

டிரவுட்டே வேண்டாம், காவிரியில் மகசீர் என்னும் பெரிய ஆற்று மீனைப் பிடிப்போம் என்று ஒரு கட்சி உண்டு. மேட்டூர் அணைக்கு வரும் அதே தண்ணீர், ஒகேனக்கலுக்கு மேலே கர்நாடகக் காட்டுக்குள் ஓடும் பகுதியில் பீமேஸ்வரி, கலிபோர் தூண்டில் முகாம்கள் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றவை. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தூண்டில் விளையாட்டு கூடாது என்ற முடிவுக்குப் பிறகு, 2010-களின் தொடக்கத்தில் அங்கே தூண்டில் நின்றுபோனது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் 2018-இல் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலில் ஏறியது. முகாம்கள் மூடியதால் ஆற்றைக் காவல் காக்கும் கண்கள் குறைந்து திருட்டு வேட்டை கூடியது என்று தூண்டில்காரர்கள் வாதாடுவார்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் கொஞ்சம்தான் மிச்சம் என்று தெரிந்த மீனின் வாயில் விளையாட்டுக்காக முள்ளைக் குத்த எனக்கு மனம் வரவில்லை. டிரவுட் விஷயத்தில் அந்தக் குற்ற உணர்வு இல்லை. அது வெளிநாட்டிலிருந்து வந்த மீன், வந்த இடத்தில் உள்ளூர் மீன்களைத் தின்று கொழுத்த மீன். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தனியாக ஒரு கட்டுரை ஆகிவிடும்.

ஆக, மிஞ்சுவது வடக்கு.

மச்சானுக்குக் காஷ்மீர் மேல் இருக்கும் ஆசை காரணமில்லாத ஆசை இல்லை. இந்தியாவில் டிரவுட்டின் தாய்வீடு அதுதான். 1899-இல் இங்கிலாந்திலிருந்து வந்த முதல் தொகுதி முட்டைகள் வழியிலேயே கெட்டுப்போயின. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. ஸ்ரீநகரில் கம்பளத் தொழில் நடத்திய ஃபிராங்க் மிட்செல் அவற்றைப் பொறுப்பாக வளர்த்தார், ஹர்வானில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. பஹல்காம் வழியாக இறங்கும் லித்தர், கோகர்நாக் பக்கம் பிரிங்கி, சோனாமார்க் பக்கம் சிந்த் என்று ஆறு ஆறாகப் பரவியது. பிற்பாடு ஹிமாச்சலுக்குப் போனதும் இங்கிருந்துதான்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது பீட் முறை. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பீட்டில் சில ராடுகளுக்குத்தான் மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு தரும். அதாவது அன்றைக்கு அந்தத் துண்டு ஆறு உங்களுடையது. மேலே யாரோ கல் எறிவார்கள், கீழே யாரோ துணி துவைப்பார்கள் என்ற பயம் குறைவு. தலைமுறை தலைமுறையாகத் தூண்டில்காரர்களைக் கூட்டிப்போன குடும்பங்கள் அங்கே உண்டு. மீனும் சராசரியில் பெரிது என்பது போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொல்வது. பயணமும் உண்மையில் காஷ்மீருக்குத்தான் சுலபம். காலையில் பெங்களூரில் விமானம் ஏறினால் டெல்லி மாறி மாலைக்குள் ஸ்ரீநகர். தீர்த்தனுக்கு அதற்கு மேல் ஒரு ராத்திரி பஸ் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? முதல் காரணம் தேதி. காஷ்மீரில் டிரவுட் பருவம் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது. புரட்டாசி பிறப்பது செப்டம்பர் 17 வாக்கில். எங்களுக்குக் கிடைக்கும் இடைவெளியில் பாதி அங்கே கதவடைப்பு. முன்பாதியில் போனாலும் விமானம், பீட், கைடு மூன்றும் அந்தச் சில நாட்களுக்குள் பொருந்த வேண்டும், ஒன்று தவறினால் மாற்று நாள் கிடையாது. இரண்டாவது காரணத்தைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காம் அருகே பைசரனில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு பல சுற்றுலா இடங்களை மாதக்கணக்கில் மூடி வைத்தார்கள். அங்கே பிழைப்பு நடத்தும் மக்களுக்கு நாம் போவதுதான் உதவி என்று மச்சான் சொல்கிறார், அது சரிதான். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் எட்டு நாளும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றால் எனக்கு ஆற்றில் மனம் நிற்காது. இதே பயணம் ஆகஸ்ட் கடைசியில் முடியும் என்றால், வீட்டிலும் ஒத்துக்கொண்டால், நான் மறுபேச்சில்லாமல் லித்தருக்கு ஓட்டுப் போடுவேன். அந்த மாதத்தில் பட்டறையை விட்டு வர முடியாதவர் மச்சான்தான்.

தீர்த்தனுக்கு வருகிறேன். குல்லு மாவட்டத்தில் பன்ஜார் பக்கம், கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள் பிறந்து, லார்ஜி அருகே பியாஸில் சேரும் சின்ன ஆறு. குல்லுவில் அதிகாரியாக இருந்த ஹாவெல் 1909-இல் காஷ்மீரிலிருந்து பிரவுன் டிரவுட் முட்டைகளை வரவழைத்து ஆரம்பித்தது இந்தப் பக்கத்து டிரவுட் கதை. பூங்காவுக்குள் தூண்டில் கூடாது. குஷைனிக்குக் கீழே நாகினி, பன்ஜார் வரை லைசன்ஸ் வாங்கிக்கொண்டு பிடிக்கலாம். நாள் லைசன்ஸை மீன்வளத் துறை தருகிறது, தொகை சின்னது. பக்கத்துப் பள்ளத்தாக்கான சைஞ்சில் நீர்மின் அணை வந்துவிட்டது. தீர்த்தனில் அப்படிப்பட்ட திட்டங்களே வேண்டாம் என்று அரசே விலக்கி வைத்திருக்கிறது. அந்த முடிவுக்கு டிரவுட்டும் ஒரு காரணம். மேலே அணை இல்லாத ஆறு என்பது தூண்டில்காரனுக்குப் பெரிய விஷயம். மதகு திறந்து திடீரென்று தண்ணீர் ஏறும் பயம் இல்லாமல் நடு ஆற்றில் நிற்கலாம்.

நான் ஒரு தடவை போயிருக்கிறேன், அதுவும் தப்பான மாதத்தில், தப்பான ஆட்களோடு. அந்தக் கதையைச் சொன்னால்தான் என் பிடிவாதம் புரியும். பறிப்பு முடிந்து கையில் காசு இருந்த ஒரு மே மாதம். பெயர் வேண்டாம், ஒரு பயண நிறுவனம். "இயற்கையின் மடியில் ஃபிளை ஃபிஷிங், அனுபவமிக்க கைடு, எல்லாம் சேர்த்து" என்று போட்டிருந்தார்கள். போய் இறங்கினால் பன்னிரண்டு பேருக்கு இரண்டு கைடு. முதல் மூன்று நாள் மணாலி, ராஃப்டிங், கோயில், சால்வைக் கடை. நான்காம் நாள் ஆற்றுக்குக் கூட்டிப்போய் கையில் கொடுத்தது ஸ்பின்னிங் ராடு, நுனியில் பளபளக்கும் உலோகத் தகடு. ஃபிளை எங்கே என்று கேட்டேன். "இதுவும் ஃபிளை மாதிரிதான் சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர். பாலிதீன் பையைப் பட்டு என்று சொல்லி விற்பது மாதிரிதான் இருந்தது. போதாததற்கு மே மாதம் பனி வேகமாக உருகும் காலம், ஆறு சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்து, மார்பளவுக்குப் பொங்கி ஓடியது. அதில் மீனுக்குப் பூச்சியும் தெரியாது, தகடும் தெரியாது.

கடைசி நாள் அவர்களிடம் சொல்லிவிட்டுப் பிரிந்து, குஷைனிக்கு மேலே ஒரு வீட்டில் தங்கினேன். வீட்டுக்காரரின் தம்பி பழைய ஃபிளை ராடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய ஆற்றை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் வந்து சேரும் ஓடை ஒன்றின் ஓரமாக, தண்ணீர் தெளிந்திருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் என்னை உட்கார வைத்தார். அப்புறம் ஒரு கல்லைப் புரட்டி அதன் அடியில் ஒட்டியிருந்த சின்னப் பூச்சிகளைக் காட்டி, அதே நிறத்தில் ஒரு ஃபிளையைக் கட்டினார். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் அறவே கிடையாது. இருட்டும் முன் ஒரு பிரவுன் டிரவுட், என் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது, உடம்பெல்லாம் குங்குமப் பொட்டு. கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும் என்று சைகை காட்டினார். உலர்ந்த கை பட்டால் அதன் மேல் இருக்கும் வழவழப்பு போய்விடும், பிறகு பூஞ்சை பிடித்துச் சாகக்கூடும். விட்டோம். எட்டு நாள் பயணத்தில் நான் உண்மையாகப் பயணம் செய்தது அந்த மூன்று மணி நேரம்.

அதனால் ஊருக்குச் சமமாக, சொல்லப்போனால் ஊருக்கு மேலேயே, கைடு ஏற்பாட்டை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். மூன்று வழி இருக்கிறது. எல்லாம் சேர்ந்த பேக்கேஜ், உள்ளூர் வீட்டில் தங்கி நாள் கூலிக்குக் கைடு, லைசன்ஸ் மட்டும் எடுத்துத் தனியாக இறங்குவது. கடைசி வழி வீசத் தெரிந்தவர்களுக்கு. புதியவர் தனியாக இறங்கினால் மூன்று நாளும் லைனைச் சிக்கெடுப்பதிலேயே போகும், வழுக்குப் பாறையில் காலும் போகும். பேக்கேஜை முழுதாகத் தள்ளவும் மாட்டேன். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, ஒரு பொழுது மட்டும் தூண்டில் போட்டுப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அது தோது. மீனுக்காகவே போகிறவர்களுக்கு நடு வழிதான். ஒரு கைடுக்கு இரண்டு ஆள், அதற்கு மேல் வேண்டாம்.

முன்பணம் அனுப்பும் முன் போனில் சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். தருவது ஃபிளை ராடா, ஸ்பின்னிங் ராடா? லைசன்ஸ் எங்கள் பெயரில் எடுத்து, அந்தச் சீட்டு எங்கள் கையில் இருக்குமா? ஒரு நாளில் ஆற்றில் நிற்பது எத்தனை மணி நேரம்? ராத்திரி மழை பெய்து ஆறு கலங்கினால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். "கலங்காது சார்" என்பவர் ஏஜெண்ட். "மேலே ஓடைக்குப் போவோம், இல்லாவிட்டால் ஒரு நாள் சும்மா இருப்போம்" என்பவர் ஆற்றங்கரை ஆள். இந்த முறை நான் பேசியவர்களில் இரண்டாவது வகைப் பதில் சொன்னது ஒருவர்தான், அவரும் சொல்லும் முன் சிரித்தார்.

தேதிக் கணக்கிலும் தீர்த்தன் எங்களுக்குப் பொருந்துகிறது. ஹிமாச்சலில் டிரவுட் ஆறுகள் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை மூடியிருக்கும். பிரவுன் டிரவுட் கூழாங்கல் படுகையில் குழி பறித்து முட்டையிடும் காலம் அது. மார்ச், ஏப்ரல் நன்றாக இருக்கும். மே, ஜூன் பனி உருகல். ஜூலை, ஆகஸ்ட் மழையும் மண்சரிவும். 2023 ஜூலையில் பியாஸ் செய்த அழிவை டிவியில் பார்த்தவர்கள் ஆடி மாதத்தில் அந்தச் சாலையில் போக நினைக்க மாட்டார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து ஆறு தெளியும், அக்டோபர் முழுக்கத் தூண்டிலுக்கு ஏற்ற காலம். இதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்: அங்கே ஆற்றைப் பூட்டும் அதே நவம்பரில்தான் இங்கே என் தோட்டத்தில் பறிப்பு தொடங்குகிறது. யாரோ பார்த்து வைத்த மாதிரி.

குறையும் சொல்லிவிடுகிறேன். தீர்த்தனில் பீட் காவல் கிடையாது. சனி, ஞாயிறில் டெல்லி, சண்டிகர் கார்கள் வந்து குவியும், பாட்டுச் சத்தம் ஆற்றையே மூடும். மீன் சின்னது, பயந்த சுபாவம். போய்ச் சேர்வதும் அலுப்பு. பெங்களூரிலிருந்து சண்டிகர் விமானம், அங்கிருந்து ராத்திரி மணாலி பஸ், விடியும் முன் ஔட் சுரங்கப்பாதை அருகே இறங்கி, டாக்சியில் பன்ஜார், குஷைனி. போக வர மூன்று நான்கு நாள் போய்விடும். எட்டில் நான்குதான் ஆற்றுக்கு. அதனால் திங்கள் முதல் வியாழன் வரை ஆற்றில் இருக்கும்படி டிக்கெட் போடுகிறோம். ஜலோரி கணவாய், ஏரி, கோட்டை என்று எதையும் இடையில் நுழைக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. மச்சான் ஜலோரிக்கு மட்டும் அரை நாள் கேட்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.

நியூசிலாந்து போன என் கல்லூரி நண்பன், அதெல்லாம் ஒரு ஆறா என்று சிரிக்கிறான். அங்கே அக்டோபர் 1-ஆம் தேதி பல ஆறுகளில் பருவம் திறக்கிறது, தேதி எங்களுக்கும் பொருந்துகிறது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு மச்சான், "மாப்ள, அதுக்கு எத்தனை கொலுசுக்குப் பொடி வெச்சுப் பத்த வைக்கணும் தெரியுமா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சாமான்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒன்பது அடி, ஐந்தாம் எடை (லைனின் எடைக்கான எண்) ராடு, நாலு துண்டாகக் கழற்றுவது, மிதக்கும் லைன், இது ஒன்று இருந்தால் பழகப் போதும். ஃபிளைகளைக் கைடிடமே வாங்கிக்கொள்ளலாம், அவருக்குத்தான் அந்த வாரத்துப் பூச்சி தெரியும். முள் நுனியில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கிவிட்டால் மீனை நோகாமல் விடலாம், நம் காதில் மாட்டினாலும் நோகாமல் எடுக்கலாம். நான் இரண்டாவது காரணத்துக்காகத்தான் செய்கிறேன். தண்ணீருக்கடியில் பார்க்க போலரைஸ்டு கண்ணாடி, பாறையில் வழுக்காத பூட்ஸ், ஊன்ற ஒரு கம்பு. அக்டோபர் காலையில் அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் ஏற்காட்டு மார்கழி நினைவுக்கு வராது, அதைவிட மோசம்.

எல்லாம் முடிவான பிறகு மாமியார் ஒரு முட்டுக்கட்டை போட்டார். அவர் வீட்டில் புரட்டாசி முழுக்க அசைவம் கிடையாது.

"புரட்டாசியில போய் மீன் பிடிக்கிறதா மாப்பிள்ளை?"

"சாப்பிட மாட்டோம் அத்தை. பிடிச்சு அப்படியே விட்டுடுவோம்."

"விடறதுக்கா அவ்வளவு தூரம் போறீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

இதற்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. மச்சான் பெருமாளுக்கு வெள்ளியில் ஒரு மீன் செய்து உண்டியலில் போடுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அத்தை சமாதானமானார். மச்சாவதாரம் இருக்கிறதே, கணக்குச் சரியாகிவிடும் என்பது மச்சானின் வாதம்.

ஆக, புரட்டாசியில், செப்டம்பர் கடைசியில் கிளம்பி அக்டோபர் முதல் வாரம் திரும்புவதாகத் தீர்த்தனுக்கு டிக்கெட் போட்டாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி என் தோட்டத்துக்கு வருகிறார். நவம்பர் வரை காலியாகக் கிடக்கும் காப்பிக் களத்தில் இருவரும் வீசிப் பழகுகிறோம். முள்ளுக்குப் பதில் லைன் நுனியில் சிவப்பு உல்லன் நூல் கட்டி, பதினைந்து அடி தள்ளி வைத்த முறத்தில் அது போய் விழ வேண்டும். கை பழகிய பிறகு மலையடிவாரத்தில் ஒரு குத்தகைக்காரரிடம் கேட்டு, அவர் ஏரியில் ஜிலேபி மீன் மேல் முயன்று பார்க்கலாம் என்று இருக்கிறோம், அது ஃபிளையைக் கடிக்கும். மச்சானுக்கு இன்னும் அந்த ஒரு நொடிப் பொறுமை வரவில்லை. வீச்சு பின்னால் இருக்கும் சில்வர் ஓக்கில் மாட்டி அறுந்து, கிளையில் இப்போது ஏழெட்டுச் சிவப்பு நூல்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன. களை எடுக்க வந்த அம்மா ஒருத்தர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்டார்.